டன்

மேனேஜர் பங்களாவைக் காலி செய்த அன்று
லோரியில் ஏற்றாமல் விட்ட சாமான்களில் அவரும் ஒருவர்.
சிவப்புக் கோட்டு, மார்பில் வெள்ளைக் குறுக்குவார்,
தோளில் பொன்குஞ்சம்.
சட்டத்தின் அடியில் இருந்த பெயரில்
கரையான் முன்பாதியைத் தின்றுவிட்டு
‘டன்’ என்பதை மட்டும் மிச்சம் வைத்திருந்தது.
எடைப்பாலத்துக்கு அடுத்த மேடையில்
பதினாறு வருஷமாகச் செம்பனைக் குலை
தரம் பார்க்கிறவளுக்கு
அது போதுமான பெயர்.

பகாவ் டவுனில் டர்பன்டைன் கேட்டால்
எந்தக் கதவுக்கு என்கிறார் ஆ கியோங்.
முகத்துக்கு என்றேன்.
மீதிச் சில்லறையை எண்ணாமலே கொடுத்துவிட்டார்.

கண்ணாடிமேல் மார்க்கரால் கட்டம் போட்டேன்.
பட்டாளத்துக்காரர் தொண்ணூற்றாறு துண்டானார்.
ஒரு துண்டிலும் அவர் இல்லை.
இதில் பாதிப் பொத்தான்,
இதில் தாடைக்குக் கீழே கொஞ்சம் மேகமூட்டம்,
இதில் எதுவுமே இல்லாத பழுப்பு.
அந்தப் பழுப்புக்குத்தான் மூன்று இரவு பிடித்தது.

‘வரைய வேற ஆளே கெடைக்கலையா ஒனக்கு?’
யூனியன் மரியசூசை வாசலில் நின்று கேட்டார்.
செருப்பைக்கூடக் கழற்றவில்லை.
அசையாம ஒக்கார வேற ஆள் இல்ல, அண்ணே.
சிரிக்காமல் போனார்.
அவர் கேட்டது நியாயம்தான்.
என் பதிலும் பொய்யில்லை.

சிவப்பு எனக்குப் பயமில்லை.
குலை இறங்கும்போதே கண் சொல்லிவிடும்:
கருநீலம் ஓடினால் காய்,
ஆரஞ்சு கசிந்தால் பழம்,
அதையும் தாண்டினால் அழுகல்.
கோட்டை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்தேன்,
கழுத்திலிருந்து இடுப்புவரை நல்ல பழம்.
எட்ட நின்று பார்த்தால்
கோட்டு இருந்தது, உள்ளே ஆள் இல்லை.
கொடியில் காயப்போட்ட மாதிரி.

மில்லில் ரஃபிக்குலுக்கு ஒரு சிவப்பு ஜெர்சி உண்டு.
கையை இடுப்பில் வைத்து நில்லு என்றேன்.
ஐந்து நிமிஷம் விறைத்து நின்றான்.
முழங்கை மடிப்பில் இருந்த நிறத்துக்கு
என் பதினாறு வருஷத்தில் பெயர் இல்லை.
கறுப்பு கலந்தேன், துணி செத்துப்போனது.
ஒரு நெல்லளவு பச்சை கலந்தேன்,
மடிப்பு மூச்சு விட்டது.
யார் இவர் என்று போனில் படத்தைப் பார்த்துக் கேட்டான்.
தெரியாது என்றேன்.
‘எங்க ஊருக்கும் வந்திருப்பாரு’ என்று
ஜெர்சியை உதறிக்கொண்டு போனான்.

நவம்பர் மழையில் எண்ணெய் காயாது.
ஒரு வாரம் கழித்துத் தொட்டாலும்
கன்னம் விரலோடு வருகிறது.
ஈசல் ஒன்று குஞ்சத்தில் ஒட்டிச் செத்தது.
இறக்கையை மட்டும் எடுத்தேன்.
உடம்பை எடுத்தால் தங்கமும் போய்விடும்.

கடைசியில் கை.
கையுறைக்குள் கட்டைவிரல் நீளம் அதிகம்.
ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், நிச்சயமாகப் பிழை.
எப்போதோ வரைந்தவருக்கும்
கை வராது போல.
டன்னைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை.
இந்த மனிதரை மட்டும் சட்டென்று தெரிந்தது:
கை வராததால் உறை மாட்டினார்,
அதற்குள்ளும் வரவில்லை.

திருத்தினேன்.
காய்க் குலையைத் திருப்பி அனுப்புகிற கை இது,
பிழையைப் பார்த்தும் சும்மா இருக்காது.
விரல் சரியானதும் மணிக்கட்டு முறிந்தது,
தோள் இறங்கியது,
வாள் யாரோ பிடித்துக்கொள்ளக் கொடுத்த குடை ஆனது.
இரவு ஒன்றரை மணிக்குத்
துணியால் துடைத்துவிட்டு
அந்தத் தப்பான விரலை அப்படியே போட்டேன்.
மொத்தக் கையும் அதன்மேல்தான் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

திங்கட்கிழமை முதல் லோரி.
குலைகள் சரிந்து விழுந்தன,
மழைத்தண்ணீர் இன்னும் சொட்ட.
ஒன்றின் இடுக்கில், முள்ளுக்கும் பழத்துக்கும் நடுவில்
அந்த நிறம்.
‘மாசாக்கா இல்லையா, சொல்லுங்க கா!’
அஸ்மான் ஹாரனை அழுத்தினான்.
நகத்தில் இன்னும் போகாத சிவப்போடு
பேனாவைப் பிடித்தபடி நின்றேன்.
பாரத்தில் இருந்தவை மூன்றே கட்டங்கள்.