ஆறு விழாத பகடை

பாபு ராவ் தெருவில், லிஃப்ட் இல்லாத லாட்ஜ்.
மூன்றாம் மாடியைப் பெருக்கித் துடைப்பது நான்.
வங்காளத்தில் எழுதிய போர்டுக்குக் கீழே
பாயும் தலையணையுமாய் ஆட்கள்,
நடுவில் எப்போதும் திறந்து கிடக்கும் ஒரு லூடோ அட்டை.
மடிப்பில் கிழிந்து, செல்லோ டேப் ஒட்டி.
யார் வாங்கியதென்று யாருக்கும் தெரியாது.
அறை காலி செய்கிறவர்கள்
கொடிக்கயிறு, பாதி எண்ணெய் பாட்டிலோடு
அதையும் விட்டுப் போவார்கள்.

ரிப்போர்ட் நாளைக்கு.
நாளைக்குப் போனால், திங்கட்கிழமை.

பகடை தொலைந்தது என்னால்தான்.
வாளித் தண்ணீரோடு மழைக்குழாயில் இறங்கி
டொக், டொக் என்று
மூன்று மாடிக்கும் சொல்லிக்கொண்டே போனது.
பதினாலாம் அறை மாலதி மண்டல் திட்டவில்லை.
அதுதான் கஷ்டம்.
கையில் சிவப்புக் காயோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்,
உள்ளே டயாலிசிஸ் முடிந்து புருஷன் தூங்க.

சைதாப்பேட்டை சத்தார் கடைப் பையன்கள்
கறிக்கட்டைக்குப் பின்னால் உருட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.
ஆட்டுக் கணுக்கால் எலும்பு ஒன்று கேட்டேன்.
"சூப்புக்கு ஒண்ணு எப்படிம்மா காணும்?"
"சூப்புக்கு இல்ல. லூடோவுக்கு."
காசு வாங்கவில்லை.
வேகவைத்து, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தேன்.

பர்தமான் வாத்தியார் அதைக் கண்டதும்
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அரை இந்தி, கால் தமிழ், மீதி விரல்.
பகடைக்கு அப்பன் இதுதானாம்.
ஆறு முகக் கட்டை பிறப்பதற்கு முன்னாலேயே
ஆடுகள் காலுக்குள் வைத்துக்கொண்டு நடந்ததாம்.
எங்கோ ஒரு தேசத்தில் பதினெட்டு வருஷம் பஞ்சம்.
ஒருநாள் சாப்பிடுவார்கள், ஒருநாள் விளையாடுவார்கள்.
பசியை ஏமாற்றத்தான் பகடை வந்ததென்று
அந்தக் காலத்து ஆள் எழுதிவைத்திருக்கிறாராம்.
"பொய்யாயிருக்கும்" என்றும் அவரே சொன்னார்.

எனக்குப் பொய்யாகப் படவில்லை.
வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்கப் போகிறவர்கள்
டோக்கன் வரும்வரை போனில் காய் நகர்த்துவதை
தினம் பார்க்கிறேன்.

அட்டையும் இந்தப் பக்கத்துச் சரக்குதானாம்.
சோழி உருட்டிய துணிக் கட்டம்
கப்பலேறி, சீமையில் பெட்டிக்குள் புகுந்து,
பேரை மாற்றிக்கொண்டு,
ஆறு விழுந்தால்தான் கதவு திறக்கும் என்ற சட்டத்தோடு
திரும்பி வந்திருக்கிறது.

சிக்கல் அங்கேதான்.
எலும்புக்கு நிற்க நாலே பக்கம்:
ஒரு குழி, ஒரு மேடு, இரண்டு ஒல்லி விலா.
ஆறு எது?
குழி, என்றாள் மாலதி.
ஒல்லிதான், எப்போதாவதுதானே விழுகிறது,
என்றார் ஜார்க்கண்ட் பூதன் மஹதோ.
அரை மணி நேரம் சண்டை.
அந்தக் கூடத்தில் அவ்வளவு சத்தம் நான் கேட்டதில்லை.
பதினாறாம் அறை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தது,
பிறகு அதுவும் வந்து உட்கார்ந்தது.

துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுச் சொன்னேன்:
எங்க தாயத்துல வெளிய வர ஆறு வேணாம்.
தாயம் விழுந்தா போதும்.
வாத்தியார் மொழிபெயர்த்தார்.
ஒன்றா? மாலதி விரலைக் காட்டிக் கேட்டாள்.
ஒண்ணுதான்.
அவள் எலும்பை உடனே உருட்டவில்லை.
உள்ளங்கையில் கொஞ்சநேரம் வைத்திருந்தாள்,
சூடாகட்டும் என்பதுபோல்.

செவ்வாய்க்கிழமை அவர்கள் காட்பாடியில் ரயிலேறினார்கள்.
தேறிப் போனார்களா, தேறாமல் போனார்களா,
நான் யாரையும் கேட்பதில்லை.
படுக்கை விரிப்பை மட்டும் எண்ணி வாங்குவேன்.

எலும்பு ஜன்னல் கட்டையில் இருக்கிறது.
அசாமிலிருந்து வந்த ஒரு பையன் மோந்து பார்த்து
இது என்ன மருந்து என்றான்.
நேற்று எறும்பு மொய்த்தது.
மறுபடி சாம்பல் போட்டுத் தேய்த்துவைத்தேன்.