ஈரக் கழிவு

கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் பதினெட்டு வருடம்.
மழை நாளில் மூட்டைக்கு இரண்டு கிலோ
ஈரக் கழிவு என்று எழுதுவேன்.
"எந்தக் கணக்குல கழிச்சீங்க?"
ஒவ்வொரு முறையும் கேட்பாள் கனகாம்பிகை.
இலையைப் பிழிந்தா காட்ட முடியும்?
அடுத்த மூட்டை என்பேன்.

போன ஐப்பசியில்
கோயம்புத்தூரில் எடுத்த படத்தில்
வலது சிறுநீரகத்தில் எலுமிச்சை அளவு ஒன்று,
நுரையீரலில் ஏழு புள்ளி.
டாக்டரம்மா பேனா முனையால் எண்ணிக் காட்டினார்.
சிகிச்சைக்குச் சொன்ன தொகையை
நானும் மனதுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டு
கடைசி பஸ்ஸில் கோத்தகிரி ஏறினேன்.

பிறகு செய்ததெல்லாம் சாகிறவன் வேலை.
தராசுச் சாவியை ஒப்படைத்தேன்.
சீட்டுப் பணத்தை மகள் பேருக்கு மாற்றினேன்.
நீல ஸ்வெட்டரை மாசிலாமணிக்குக் கொடுத்தேன்.
அவனுக்கும் இதேதான், குடலில்;
ஊசி போட்டுப் போட்டுக் குளிர் தாங்கவில்லை அவனுக்கு.

ஆனியில் ஒரு நாள்
மாதா கெபி மேட்டை மூச்சு வாங்காமல் ஏறியதை
ஏறி முடித்த பிறகுதான் கவனித்தேன்.

மறுபடி படம்.
டாக்டரம்மா உறையின் மேல் பெயரைப் பார்த்தார்.
தகப்பன் பெயரைக் கேட்டார்.
பழையதையும் புதியதையும்
விளக்குப் பெட்டியில் பக்கம் பக்கமாக மாட்டி
ரொம்ப நேரம் நின்றார்.
"அபூர்வமா இப்படி நடக்கும்.
ஏன்னு எங்களுக்குத் தெரியாது."
அன்றைக்கு ஃபீஸ் வாங்கவில்லை.

ஊர் விடுமா.
என்ன வேர், எந்தச் சாமி, எந்த ஜெபக்கூட்டம்?
ரசஞ்சோறு என்றால்
மறைக்கிறான் என்கிறார்கள்.
குன்னூரிலிருந்து ஜீப் பிடித்து வந்த ஒருவர்
என் வாசல் குழாயில் கேன் நிறையப் பிடித்துப் போனார்.
பஞ்சாயத்துத் தண்ணிங்க, என்று சொல்லத்தான் சொன்னேன்.

மாசிலாமணி ஆவணியில் போனான்.
அரை ஏக்கர் தேயிலை விற்று, தாலிக்கொடி விற்று,
ஒரு ஊசி தவறாமல் போட்டுக்கொண்டவன்.
முப்பதாம் நாள் பூசை முடிந்து பிலோமினா வந்தாள்,
ஸ்வெட்டரைத் துவைத்து மடித்து.
என்ன சாப்பிட்டீர்கள் என்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.
"குளுருக்கு ஆகும், வெச்சுக்கங்க."
போட்டுப் பார்த்தேன்.
இப்போது எனக்கு இறுக்கமாக இருக்கிறது.

சாவியைத் திருப்பித் தந்துவிட்டார்கள்.
இன்று விடிய விடிய மழை.
கனகாம்பிகை மூட்டையைக் கொக்கியில் மாட்டுகிறாள்.
முள் ஆடி ஆடி நிற்கிறது, இருபத்தொன்பதில்.
இருபத்தேழு என்று எழுதுகிறேன்.
"எந்தக் கணக்குல?"

அடுத்த மூட்டை என்று சொல்ல வரவில்லை.
அவளும் நகரவில்லை.
பின்னால் வரிசை
நனைந்துகொண்டு நிற்கிறது.