குறுக்குக்கோடு

கீழாநெல்லி அரைத்துக் குடித்து மூன்று மாதம் கழித்துத்தான் வருவார்கள்,
கண்ணில் மஞ்சளும் கையெல்லாம் சொறிந்த தடமுமாக.
களியக்காவிளை தாண்டி வருபவரிடம் மலையாளத்தில் கேட்பேன்,
பதில் பாதி தமிழில் வரும்.
எந்த மொழியானாலும் வலி எங்கே என்றால்
கை முதுகுப் பக்கம்தான் போகும்.

கணையம் வெண்ணெய் மாதிரி.
முதல் வருடம் அதில் நான் போட்ட தையல்
இழுத்த இடத்திலெல்லாம் அறுத்துக்கொண்டு வந்தது.
ஐந்தாம் நாள் குழாயில் கட்டன் சாயா நிறத்தில் கசியும்.
சாளையையும் மரச்சீனியையும் செரித்த நீர்
இனி ஆளைச் செரிக்கும்.
அந்த வருடம் ஏழு பேர்.
ஏழாவது ஆளின் தம்பி பில்லைக் கட்டிவிட்டு
என்னிடம் வந்து நன்றி சொன்னான்.
அன்று சாயங்காலம் மார்த்தாண்டம் சந்தைப் பக்கம்
கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். முப்பத்திரண்டு ரூபாய்.

கேள்வி சின்னது.
கணைய நாளத்தைக் குடலின் உட்தோலோடு தனியாகத் தைப்பதா,
வெட்டிய முனையை அப்படியே குடலுக்குள் செருகுவதா?
பதினாறு வருடம். இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
ஒட்டிய உறையைப் பிரித்து, தாள் சொன்னபடி தைத்தேன்.
என் கைக்கு முதலாவதுதான் பிடிக்கும். தாள் அதைக் கேட்பதில்லை.

ஆயுள் கணக்கு மேசையில் முடியாது.
அது ஒவ்வொரு ஜனவரியும் தொலைபேசியில் நடப்பது.
இறந்தவருக்கு வரைபடத்தில் ஒரு படி இறங்கும்.
இருப்பவருக்கு, கோட்டின் மேல் ஒரு சிறு குறுக்குக்கோடு.
மயக்க மருந்து டாக்டர் புஷ்பதாஸ் அகராதிப் பைத்தியம்.
கோட்டைக் கதவுக்குப் பின்னால் போடும் குறுக்குமரத்துக்கும்
கணையம் என்றுதான் பேர், தெரியுமா என்றார்,
நான் ரத்தக்குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது.

எண் நாற்பத்தொன்று, டென்னிசன். பாறசாலைக்குப் பக்கம். ரப்பர் வெட்டு.
எப்போதும் மனைவிதான் எடுப்பார்.
"அவிய பால் வெட்டப் போயிருக்காவ டாக்டறே.
சொகமாத்தான் இருக்காவ."
ஒன்பது ஜனவரி.
டெல்லியில், பெரிய திரையில்,
அந்தக் குறுக்குக்கோட்டைச் சிவப்பு விளக்கால் தொட்டுக் காட்டினேன்.
கை தட்டினார்கள்.

பத்தாவது வருடம் ரத்தம் எடுக்க நானே போனேன்,
ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு.
கூடத்துச் சுவரில் படம். அதன் கீழே மினுக்கும் சின்ன பல்பு.
தேதி, மூன்றாம் வருடத்து ஜூன்.
ரப்பர் மரங்களில் சிரட்டை கவிழ்ந்து கிடந்தது.

அப்போதுதான் உறைத்தது:
நான் கூப்பிட்டதெல்லாம் சாயங்காலம்.
பால் வெட்டுவது விடியுமுன்.
ஒரு மில்லிமீட்டர் நாளத்தைத் தேடிப் பிடிக்கும் கண்ணுக்கு
ஏழு வருடமாக இது படவில்லை.

லீலாபாய் அழவில்லை. மரச்சீனி அவித்துக் கொண்டுவந்தார்.
"மத்தவிய எல்லாம் எப்படி இருந்தாவண்ணு கேட்டாவ.
நீங்க மட்டுந்தான் எப்படி இருக்காவண்ணு கேட்டிய.
வருஷத்துக்கு ஒரு நிமிஷம்.
அந்த ஒரு நிமிஷம் அவிய தோட்டத்துலதான் நின்னாவ."
காந்தாரி மிளகாய் எரிந்தது. நான் முழுவதும் சாப்பிட்டேன்.

பத்திரிகைக்கு எழுதினேன்.
இருபத்தொன்பதாம் மாதத்தில் கோடு ஒரு படி இறங்கியது.
கசிவைப் பற்றிச் சொன்னது நின்றது.
ஆயுளைப் பற்றிச் சொன்னது நிற்கவில்லை.
மூன்று வரியில் திருத்தம் போட்டார்கள், கடைசிப் பக்கத்தில்.
காரணம் கேட்ட இடத்தில் "தகவல் பிழை" என்று எழுதினேன்.
வேறு என்ன எழுத?

இந்த ஜனவரி, காலை ஆறரை மணி.
நாற்பத்திரண்டாம் எண். ஒரு பெண் எடுத்தாள்.
சுகமா என்று கேட்கவில்லை.
அவரிடமே கொடுங்கள் என்றேன்.
ஒன்றும் பேசாமல் அவள் ஃபோனை எங்கோ வைத்தாள்.
காத்திருந்தேன்.
கிணற்றுக் கப்பி. கோழி.
பிறகு, தள்ளி எங்கிருந்தோ,
யாரோ இருமினார்கள்.