கூட்டக் குறிப்பு

மில்பர்ன் நகர மன்றம், ஓஹையோ.
செவ்வாய், மாலை ஏழு மணி.
மனு எண் பதினான்கு:
ஹேமேக்கர் சந்துக்குத் தெற்கே நாலேகால் ஏக்கர்,
குடியிருப்பு என்றிருப்பதை வணிகம் என்று மாற்ற.
பெட்ரோல் பங்க் ஒன்று, கார் கழுவுமிடம் ஒன்று,
இருபத்துநாலு மணி நேரமும்.

ஆளுக்கு மூன்று நிமிடம்.
மேசைமேல் பச்சை, மஞ்சள், சிவப்பு.
விளக்கை அழுத்துவதும் நான்தான்
தட்டச்சு செய்வதும் நான்தான்.

டோலரஸ் விட்கோ ஊறுகாய் ஜாடியில்
தன் நிலவறைத் தண்ணீரைக் கொண்டுவந்திருந்தார்.
ஏப்ரல் மழைக்கு முழங்கால்வரை ஏறியதாம்.
"இன்னும் தார் போட்டால் இது எங்கே போகும்,
குடித்துவிடவா?"
எழுதினேன்: வடிகால் குறித்துக் கவலை தெரிவித்தார்.
ஜாடியைப் பற்றி எழுதவில்லை.
அது அங்கேயே இருந்தது கூட்டம் முடியும்வரை,
கலங்கல் மெல்லத் தெளிந்துகொண்டு.

டெரன்ஸ் பிக்கெட் மடக்கு நாற்காலி போட்டு
மூன்று மாலை கார்களை எண்ணியிருக்கிறார்.
நாலிலிருந்து ஆறுக்குள் அறுநூற்றுப் பதினொன்று,
பள்ளிப் பேருந்து தனி.
கம்பெனிப் பொறியாளர் எழுந்து
பாதிப்பு புறக்கணிக்கத்தக்கது என்றார்.
அந்தச் சொல்லை அப்படியே அடித்தேன்.
குறிப்பில் ஏறுவதற்கென்றே
பிறந்த சொல் அது.

ஹாங் நுயென், இரவுப் பணிச் செவிலி,
பகலில் தூங்குகிறவர்.
நாற்பது நொடி பேசினார்.
மீதி நேரம் ஒலிவாங்கியைப் பிடித்தபடி
சும்மா நின்றார்.
விளக்கு பச்சையாகவே எரிந்தது.
சும்மா நின்றதை எழுத விதியில்லை.

கடைசியாக நிலத்துக்காரர்.
எமெட் ஸ்ட்ராஹன், தொப்பி கையில்.
"முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால்
நீங்களெல்லாம் எங்கள் சோயா வயலில்தான்
வந்து இறங்கினீர்கள்.
விற்றது என் தம்பி. எதிர்த்தது நான்.
இதே அறைதான், விளக்குகூட இல்லை அப்போது,
ஒருத்தர் மணி அடிப்பார்.
நான் சொன்னதும் தண்ணீரைப் பற்றித்தான், டோலரஸ்.
உங்கள் தெருவையும் சேர்த்துத்தான் சொன்னேன்.
இப்போது இடுப்பில் இரும்பு வைக்க வேண்டுமாம்.
வயல் என்னைத் தூக்கிச் சுமக்குமா?"

சிவப்பை அழுத்தப் பதினொரு நொடி
தாமதித்தேன்.
யாரும் கவனிக்கவில்லை, அல்லது
எல்லோரும் கவனித்தார்கள்.
எழுதினேன்: உரிமையாளர், ஆதரவாக.
ஆதரவா அது?
படிவத்தில் இரண்டே கட்டங்கள்.

நாலுக்கு மூன்று:
அடுத்த மாதம் ஒன்பதாம் தேதிக்குத் தள்ளிவைப்பு.
ஜெயித்தோமா தோற்றோமா என்று தெரியாமல்
கோட்டுகளை மாட்டிக்கொண்டு போனார்கள்.
வாசலில் பனிச் சகதி.
டோலரஸ் அந்த மனிதரின் லாரிக் கதவைத்
திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்,
முகத்தைத் திருப்பிக்கொண்டு,
அவர் காலை ஒவ்வொன்றாய்த் தூக்கி ஏறும்வரை.

நகராட்சி ஊழியர் எந்த மனுவிலும்
பேசக் கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
ஹேமேக்கர் சந்து, ஒன்பதாம் எண்,
சமையலறை ஜன்னல் தெற்கு பார்த்தது.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போடவில்லை.
வரைபடத்தில் கம்பங்களின் உயரம் இருபத்திரண்டு அடி;
அண்ணாந்து, சுமாராக எங்கே வருமென்று பார்த்தேன்.
அங்கே எதுவும் இல்லை.
அறுத்த தாள்களின்மேல் கொஞ்சம் பனி,
அதற்கப்பால் எத்தனை இருட்டு இருந்தது எங்களுக்கு,
இத்தனை நாள் திரைச்சீலையை மூடி வைத்திருந்தேன்.

மூன்று நிமிடம் நின்றிருப்பேன்.
கூடவும் இருக்கலாம்.
யாரும் எதையும் அழுத்தவில்லை.