கவுன்ட்டர் பதினான்கு

எனக்குக் கால்பந்து பிடிக்காது.
மொந்தேவிதேயோவில் இதை உரக்கச் சொல்லிவிட்டு
பேருந்தில் ஏற முடியாது. எழுதி வைக்கிறேன்.

ஜூலை. ஆற்றுக் காற்று
தெருவில் குடைகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தது.
இருநூற்றுப் பதினொன்று என்று அழைத்தேன்.
கதவு நிலைக்குத் தலை குனிந்து வந்தார்.
கக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க், ஒரு கையில் மாத்தே குடுவை,
மறு கையில் கயிறு கட்டிய காலணிப் பெட்டி.
நாற்காலியில் முதலில் அவர் உட்கார்ந்தார்,
பிறகு இடது முழங்கால் உட்கார்ந்தது.

பெயர் எல்பியோ லரால்டே. பிறந்தது பாய்சாந்து.
தொழில்?
தடுப்பாட்டக்காரர்.
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது, 'இதர' என்று போட்டேன்.
வேலை பார்த்த ஆண்டுகள்?
பத்தொன்பது, என்றார்.
திரை ஐந்து என்றது.

கயிற்றை அவிழ்த்தார்.

முதலில் எக்குவதோர். மலைமேல் ஊர்.
"முதல் மாதம் பந்தை விரட்டவில்லை, அம்மா,
மூச்சை விரட்டினேன்."
ஒப்பந்தம் நனைந்து, தொகை மட்டும் கரைந்திருந்தது.
அடுத்தது கிரேக்கம். எழுத்து எனக்குப் புரியவில்லை,
அவருக்கும் புரிந்ததில்லை, கையெழுத்து மட்டும் அவருடையது.
கடைசி நான்கு மாதச் சம்பளத்துக்கு
நாற்பது டின் ஆலிவ் எண்ணெய் கொடுத்தார்களாம்.
என்ன செய்தீர்கள்?
"இரண்டு டின் இன்னும் இருக்கிறது."
குவாத்தமாலாவுக்கு ஒப்பந்தமே இல்லை. ஒரு புகைப்படம்:
வாழைத்தாரோடு கிளப் தலைவர், பக்கத்தில் இவர், சிரிக்காமல்.
மால்டா. பிறகு அஸர்பைஜானில் ஓர் எண்ணெய்க் கம்பெனி அணி.
மகள் அங்கேதான் நடக்கப் பழகினாள்,
மனைவி கிரிசெல்டா அங்கிருந்துதான் திரும்பிப் போனாள்.
அதற்குக் காகிதம் இருந்தது. முத்திரையோடு.

இதெல்லாம் சான்றாகாது, ஐயா.
தலையசைத்தார். நடுவர்களோடு பழகியவர்.

மரியாதைக்குக் கேட்டேன், தடுப்பாட்டக்காரருக்கு என்ன வேலை?
என் மேசையிலிருந்த கோந்துப் புட்டியை
என் விரலருகே நகர்த்தினார். "இது வலை."
ரப்பர் முத்திரையை அவர் பக்கத்தில் நிறுத்தி,
"இவன் அங்கே போக வேண்டும் என்கிறான்."
ஸ்டேப்ளரைக் குறுக்கே வைத்தார்.
"நான் இங்கே நிற்கிறேன்."
அப்புறம்?
"அவன் திரும்பிப் போகிறான்."
அவ்வளவுதானா?
"நல்ல நாளில் அவ்வளவுதான்."
பிறகு கண்ணாடியை ஒரு விரலால் தட்டி,
"நீங்களும் மோசமில்லை," என்றார்.
எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்.

பெட்டியின் அடியில் மடித்த செய்தித்தாள் துண்டு.
அவர் நீட்டவில்லை, நான்தான் கேட்டு வாங்கினேன்.
ருமேனியா. பனி, ஆரஞ்சு நிறப் பந்து,
எண்பத்தெட்டாம் நிமிடம்.
குறுக்கே வந்ததை வெளியே தள்ளப் போய்
தன் வலைக்குள்ளேயே தள்ளியிருக்கிறார்.
சேம்சைடு கோல்.
அந்த வருஷம் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது,
ஆலை பணத்தை நிறுத்தியது,
ஒரு வியாழக்கிழமை கிளப்பே இல்லாமல் போனது.
ஆனால் தேதி தெளிவு. கிளப் பெயர் தெளிவு.
லரால்டே, ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை.

மற்ற ஆட்டங்களுக்கு இப்படி ஏதாவது?
"ஒன்றும் நடக்காத ஆட்டத்தில்
பின்னால் நின்றவன் பெயரை யார் போடுவார்கள்?"

நகல் எடுத்தேன். மேலதிகாரி ஃபெர்மினிடம் கொண்டுபோனேன்.
அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தொண்டை கட்டிக்கொள்கிற ரகம்,
படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்,
பிறகு கையெழுத்துப் போட்டார்.
ஐந்து ஆறானது.
முப்பது வேண்டும் என்பதை
அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"அப்போ அது கணக்கில் சேர்ந்துவிட்டது,"
கயிற்றைக் கட்டியபடி சொன்னார்,
"இத்தனை வருஷமும் அதைக் கழிக்கத்தான் பார்த்தேன்."
முழங்கால் எழுந்தது, பிறகு அவர்.
மாத்தே குடுவையை என் மேசையிலேயே மறந்து,
வாசல்வரை போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டார்.

நாலரை மணி. கடைசி விண்ணப்பம்.
கோந்து, ஸ்டேப்ளர், முத்திரை எல்லாம்
அவர் வைத்தபடியே நிற்கின்றன.
முத்திரையை எடுக்க நீட்டிய என் கை
நேராகப் போகவில்லை,
ஸ்டேப்ளரைச் சுற்றிக்கொண்டு போனது.