தரவைக்கு மூன்று பென்சில்

மூன்று பென்சில் கொண்டு வந்தேன்.
பச்சை, மேய்ச்சல்.
மஞ்சள், இரண்டு மாரிக்கு மூடி வைப்பது.
நீலம், உவர் ஏறுகிற இடம், தொடவேண்டாம்.
தனங்கிளப்புத் தரவை
மேசையில் விரித்தால் ஒரு முழம்.
மாசி வெயிலில் நடந்தால்
நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிற தூரம்.

பதினேழு இடத்தில் மண் எடுத்தேன்.
பதினொன்றில் அலவாங்கு துள்ளித் திரும்பியது.
குளம்பு மேல் குளம்பாய் மிதிபட்டு இறுகின தரை
மழையைக் குடிக்காது,
கடல்நீரேரிக்கு வழிகாட்டி அனுப்பிவிடும்.
அறுகு இருந்த இடத்தில் பார்த்தீனியம்.
பார்த்தீனியமும் வேண்டாமென்ற இடத்தில் உப்பு,
கஞ்சி சிந்திக் காய்ந்தது போல வெள்ளையாக.

கூட்டம் சனசமூக நிலையத்தில்.
வந்தவர்கள் இருபத்தாறு, கையொப்பம் முப்பத்தொன்று.
நவரத்தினராசாவுக்கு வெங்காயம் வைக்க ஆசை.
கிணறு வெட்டினால் நல்ல தண்ணி வருமாம்.
வராதென்று மூன்று கிணறுகள் வாய் திறந்து கிடக்கின்றன.
கொழும்பிலிருந்து வந்தவர் இறால் பண்ணை என்றார்.
கோயில் தர்மகர்த்தா
எல்லைக்கல்லைத் தவிர ஒன்றும் பேசவில்லை.

புனிதவதி கதவடியில் நின்றாள்,
கதிரை கொடுத்தும் இருக்கவில்லை.
பதினாலு மாடு. பால் நிலையத்துக்கு
மாரியில் இருபத்தைந்து லீற்றர், கோடையில் எட்டு.
"மஞ்சள் அடிச்ச இடத்தை மூடினா
அந்த ரெண்டு வருசம் என்ர மாடுகள்
உங்கட கடதாசியையோ தின்னுறது?"

சிரித்தார்கள். நான் எழுதினேன்:
மாற்றுத் தீவனம், ஆராயப்படும்.
ஆராயப்படும் என்பது
எங்கள் அலுவலகத்தில் ஒரு அலுமாரியின் பெயர்.

மறுநாள் அவளே கூட வந்தாள், ஏனென்று கேட்கவில்லை.
தெற்கு மூலையில் ஆறேழு ஏக்கர்,
அங்கே மட்டும் புல் முழங்கால் உயரம்.
அலவாங்கு ஒரு சாண் இறங்கியது.
மண் கறுப்பு. மண்புழு ஒன்று
வெளிச்சம் பட்டுச் சுருண்டது.
"ஆர் இதை இப்பிடி மூடி வைச்சது?"
என்னைப்போல் ஒருவரைச் சந்திக்கிற
ஆவலில்தான் கேட்டேன்.

அவள் செருப்பு நுனியால் புல்லை விலக்கினாள்.
சிவப்பு மங்கின ஒரு கட்டை,
பலகை போய் ஆணி மட்டும்.

"மிதிவெடி. எடுக்கிறவை கடைசியா வந்தது இங்கதான்,
முடிச்சு எட்டு மாசமும் ஆகேல்ல.
முந்தி என்ர சிவலை ஒண்டு உள்ளுக்குப் போனது.
சத்தம் வீட்டை கேட்டது."

நான் இரண்டு மாரி கேட்டு
இரண்டு மணி நேரம் வாதாடினேன்.
பயம் பதினைந்து மாரி கொடுத்திருக்கிறது,
கம்பி இல்லாமல், காவலாளி இல்லாமல்,
மதிப்பீட்டுத் தொகை இல்லாமல்.

அறிக்கையில் இதை எப்படி எழுதுவது?
'மீள்வளர்ச்சிக்கான சான்றுப் பரப்பு' என்று எழுதி
வெட்டினேன்.
'ஓய்வு கிடைத்த நிலம்'.
அதையும் வெட்டினேன்.

மாடுகள் பழைய நாடா கட்டியிருந்த கோட்டில் நின்றன.
இப்போது நாடா இல்லை. அவற்றுக்கு இருந்தது.
புனிதவதி என் கடதாசியை வாங்கி
கவிட்டுப் பிடித்துப் பார்த்தாள், பிறகு நிமிர்த்தினாள்.
"இதை முதல் திறவுங்கோ.
இங்க தின்னட்டும், மற்றதை மூடலாம்.
மூண்டு மாசத்துக்கு மேல விடக்கூடாது,
விட்டா இதுவும் அதுதான்."
சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்,
கால் வைக்கிற இடத்தைப் பார்த்துப் பார்த்து.
தலைமாடு வெகுநேரம் யோசித்தது.

புரட்டாசியில், உவர் தொடாத கரை நீளத்துக்கு,
இருநூறு சீமைக்கிளுவைக் கதியால் நட்டோம்.
வேலிக்கு வேலி, வெட்டினால் குழை.

ஐப்பசி கடைசியில் தொலைபேசி எடுத்தாள்.
"கனக்கத் தளிர்த்திருக்கு.
மிச்சத்தை ஆரோ விறகுக்குக் கொண்டு போட்டினம்."
தளிர்த்ததை எண்ணச் சொன்னேன், அறிக்கைக்கு.
எண்ணினாள், வாய்விட்டு, நடந்துகொண்டே.
எண்பத்துமூன்றில் மழை பிடித்தது.
எண்பத்துநாலு என்றாளோ,
மாட்டை அதட்டினாளோ,
கேட்கவில்லை.