பதினேழு கடிதங்கள்

பாசையூர் நண்டுக் கம்பனியில்
கணக்கும் கடிதமும் என் பாடு.
சதை எடுக்கும் மேசையில் பதினேழு பேர்.
பதினேழு பேருக்கும் இன்று கடிதம் அடிக்க வேண்டும்.

சட்டமூலம் வருகுதாம்.
வந்த தமிழ்ப் பிரதியில்
நாற்பத்தோராம் பக்கத்துக்கு அடுத்தது நாற்பத்து நாலு.
இடையில் என்ன போனதோ.
மொழிபெயர்த்தவருக்கும்
கடைசி பஸ் இருந்திருக்கும்.

முதலாளியை அது "தொழில்தருநர்" என்கிறது.
அந்தச் சொல்லை அடிக்கும்போதெல்லாம்
விரல் ஒருக்கால் நிற்கிறது.
தருகிறவர் ஆர்?
கடல் தந்தால் மேசை நிறையும்.
கடல் தராத கிழமை
றெஜினம்மாவின் பெயருக்கு நேரே
நான் போடுவது ஒரு சின்னக் கோடு.
அந்தக் கோட்டுக்குச் சட்டத்தில் பெயரில்லை;
நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இருந்ததோ தெரியாது.

கடிதத்தில் விசேஷம் ஆறாம் பந்தி:
"இரவு வேலைக்கு இத்தால் சம்மதிக்கிறேன்."
படகு வருவது இரவில்,
லொறி போவது விடியமுன்,
நண்டு ஒருவருடைய நித்திரைக்கும் காத்திராது.

முதலாளி நீக்கிலாப்பிள்ளை
என் மேசை விளிம்பில் சாய்ந்து நின்று சொன்னார்:
"நான் குடுக்க மாட்டன் எண்டே சொல்லுறன், பிள்ளை?
சேமலாபத்துக்குப் பன்னிரண்டு,
நம்பிக்கை நிதிக்கு மூண்டு,
டீசலுக்கு எவ்வளவு எண்டு உனக்குத் தெரியும்.
விலையைக் கொழும்பில இருந்து அவன் சொல்லுறான்.
எனக்கு நேர நடக்க வழியில்லை.
நானும் நண்டு மாதிரித்தான்."
சிரிக்கவில்லை அவர்.
மூன்று மாதமாக அவர் வீட்டுக்கு எடுத்த காசு
என் பேரேட்டில் இல்லை; அது எனக்குத் தெரியும்.
மூன்று மாதமாக அவர் கட்டாத சேமலாபம்
அதே பேரேட்டில் இருக்கிறது; அதுவும் தெரியும்.

தேத்தண்ணி நேரம்.
சுகந்தினி எழுத்துக் கூட்டி வாசித்தாள்.
கையுறைக்குள் ஊறி வெளுத்த விரல்கள்
தாளின் ஓரத்தை நனைத்தன.
"இத்தால் எண்டா என்ன?"
"இதால."
"எதால?"
ஒருவரும் சொல்லவில்லை.

யோகமலர் அக்கா கேட்டா:
"சம்மதம் எண்டு போட்டா
ராவில அராலிக்கு பஸ் விடுவினமோ?"
பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தா.
"சம்மதமில்லை எண்டதுக்குக்
கோடு எங்க, பிள்ளை?"

நான்தான் அடித்தேன்.
கோடு போடாததும் நான்தான்.
முதலாளி தந்த மாதிரியில் இல்லை,
ஆகவே போடவில்லை,
இதைவிடச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

கதிரைக்குத் திரும்பி வந்து
பதினேழிலும் இன்னொரு கோடு இழுத்தேன்.
நீக்கிலாப்பிள்ளை பார்த்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
போட வேண்டாம் என்றும் சொல்லவில்லை,
போடு என்றும் சொல்லவில்லை.

மத்தியானத்துக்குள்
ஒன்பது பேர் மேல் கோட்டில்,
நாலு பேர் கீழ்க் கோட்டில்.
மூன்று பேர் மனுசனிட்டைக் கேட்க வேணும் என்று
மடித்துக் கொண்டுபோனார்கள்.
றெஜினம்மா இரண்டிலும் வைத்தா.
"வீட்டில மகள் படிக்கிறாள், காசு வேணும்.
வீட்டில மகள் தனிய, போகேலாது.
இரண்டும் உண்மைதானே."
இதை எந்தக் கோப்பில் போடுவது?

பின்னேரம்
எல்லாரும் மேசையைக் கழுவிப் போன பிறகு
ஒன்று உறைத்தது:
ஆறு வருசமாக இங்கே கணக்கெழுதுகிறேன்,
எனக்கு நியமனக் கடிதமே இல்லை.

திகதி அடித்தேன்.
பெயர் அடித்தேன்.
"தொழில்தருநர்" என்பதை மூன்றாம் முறை
பிழையில்லாமல் அடித்தேன்.
சம்பளம் என்ற இடத்துக்கு வரும்போது
கரண்ட் நின்றது.

வெளியே ஜெனரேட்டர் இருமி இருமிப் பிடித்தது.
அது குளிரறைக்கு மட்டும்,
நண்டுகளுக்கு.
இருட்டுத் திரைக்கு முன்னால் இருந்து யோசித்தேன்,
சேமித்தேனா இல்லையா என்று.